வீலூர் மாவட்டம், கனியம்பாடி அஞ்சல்

எங்கள் ஊர்ப் பெயரில் ஒரு 'ணி' இருக்கிறது. மூன்று சுழி. அந்த மூன்றாவது சுழியைப் போடத்தான் யாருக்கும் கை வருவதில்லை. வேலூரிலிருந்து தெற்கே, அடுக்கம்பாறை தாண்டி வாருங்கள். ஒரு கடைப் பலகையில் கணியம்பாடி. எதிர்க்கடையில் கனியம்பாடி. நடுவில் நின்றால், நீங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்பது எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

பலகை எழுதும் பெயிண்டரோடு எனக்குச் சண்டை இல்லை. வெயிலில் ஏணி மேல் நின்று எழுதுகிறார். ஒரு சுழி குறைந்ததால் யார் வீட்டு அடுப்பும் அணைந்துவிடவில்லை. 'தேனீர்' என்று எழுதிய கடையிலும் டீ டீயாகத்தான் வருகிறது. நானும் லேசுப்பட்ட ஆள் அல்ல. கல்யாண மண்டபத்து வாசலில் கட்சிப் பேனரில் 'வரவேற்க்கிறோம்' என்று பார்த்தால் எனக்குப் பந்தியில் சோறு இறங்காது. 'ற்' என்ற எழுத்துக்குப் பின்னால் இன்னொரு மெய்யெழுத்து நிற்காது. அது தமிழின் விதி. தலைவர் காருக்குப் பின்னால் நாற்பது கார் நிற்கும்போது 'ற்' பின்னால் ஒரு 'க்' நிற்கக் கூடாதா என்று கட்சிக்காரர் நினைத்திருப்பார். போகட்டும். பேனர் மறுநாள் ஆட்டுக் கொட்டகைக்குக் கூரையாகிவிடும். ஆட்டுக்கு இலக்கணம் வேண்டாம்.

என் கோபம் வேறு இடத்தில்.

இந்த வட்டாரத்தில் ஓர் அலுவலகம். எது என்று சொல்ல மாட்டேன். எனக்கு அங்கே இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அதன் மதிலில் ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கிறார்கள்: 'சுவற்றில் விளம்பரம் செய்பவர்கள் மீது சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும்.' கிணறு, கிணற்றில். வயிறு, வயிற்றில். 'று' என்று முடிகிற சொல்லுக்குத்தான் அந்த இரட்டை 'ற்ற'. சுவர், 'ர்' என்று முடிகிறது. ஆகவே சுவரில். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை தப்பாக எழுதினால் அரை மதிப்பெண் போகும். அரசாங்கம் எழுதினால் சட்டப்படி நடவடிக்கை. யார் மேல்? நம் மேல்.

ஆனால் ஒன்று. தமிழில் 'சுவறுதல்' என்று ஒரு சொல் உண்டு. வற்றிப்போவது, உள்ளே இழுத்துக்கொள்வது என்று பொருள். எழுதியவர் தன்னை அறியாமல் உண்மையை எழுதிவிட்டாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம். அந்த மதிலுக்குள் போன மனுக்கள் எல்லாம் சுவறித்தான் போயிருக்கின்றன.

உள்ளே வாருங்கள். எனக்கு முன்னால் வரிசையில் ஓர் அம்மா. அறுபது வயதுக்கு மேல். எழிலரசி என்று வைத்துக்கொள்வோம். நிஜப் பெயரை எழுதினால் அதிலும் யாராவது பிழை கண்டுபிடிப்பார்கள். அறுபதுகளில் மேடைப் பேச்சுக் கேட்டு மயங்கிய அப்பா, மகளுக்குத் தூய தமிழில் பெயர் வைத்தார். அது அந்தப் பெண்ணுக்கு இப்படி வினையாகும் என்று அவர் கண்டாரா?

பெயரின் இரண்டாவது எழுத்து 'ழி'. ஆங்கிலத்தில் 'ழ' இல்லை. அதனால் இஸட்டையும் எச்சையும் ஒட்டவைத்து எழுதுவது நம் வழக்கம். ஆதார் பதிந்த பையன் அப்படித்தான் அடித்தான். கணினி அதைப் படித்துத் தமிழில் 'எஜிலராசி' என்று திருப்பித் தந்தது. ரேஷன் கார்டில் எழிலரசி. பட்டாவில் எழிலரசு, ஒரே ஓர் எழுத்தில் அம்மாவை ஐயா ஆக்கிவிட்டார்கள். வங்கிக் கணக்கில் முதலெழுத்து முன்னால். இன்னொரு தாளில் பின்னால். ஐந்து தாள், ஐந்து ஆள். முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய். அதை இந்த ஐவரில் யாருக்குக் கொடுப்பது?

மேசைக்குப் பின்னால் இருந்தவர் நிமிர்ந்தார்.

"ஏம்மா, ஒண்ணுல ஒரு பேரு, இன்னொண்ணுல இன்னொரு பேரு. இதுல எது நீ?"

"எல்லாம் நான்தாங்க சார். அவுங்கதான் அப்டி அட்ச்சிட்டாங்க."

"வாயால சொல்லு. உன் பேரு இன்னா?"

"எயிலரசி."

அவர் பக்கத்து மேசையைப் பார்த்துச் சிரித்தார். "பேரையே சொல்லத் தெரியல. இதுல திருத்தம் வேற."

இந்தச் சிரிப்புக்குத்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் வட ஆற்காட்டு வாய்க்கு 'ழ' வராது. 'ய' ஆகிவிடும். பழம், பயம். கழனி, கயனி. மதுரைப் பக்கம் போனால் அதே பழம் 'பளம்' ஆகிறது. அதைப் பாசத்தோடு ரசிக்கிறோம்; படம் எடுக்கிறோம். எங்கள் வாயில் வந்தால் மட்டும் 'லோக்கல்'. மேடையில் நின்று 'தமில் எங்கள் மூச்சு' என்று முழங்குகிறவரை நீங்களும் கேட்டிருப்பீர்கள். சிறப்பு ழகரம் என்று பாடநூல் போற்றும் எழுத்தை மைக் முன்னால் வைத்துக் கொலை செய்கிறார். கீழே கைதட்டுகிறார்கள். அவரிடம் எந்தக் குமாஸ்தாவும், "சார், உங்கள் மூச்சின் பெயரை வாயால் சொல்லுங்கள்" என்று கேட்பதில்லை. ஒரே எழுத்துதான். அவர் தப்பாகச் சொன்னால் உணர்ச்சி. எழிலரசி தப்பாகச் சொன்னால் மனு தள்ளுபடி.

என் சொந்தக்காரர்கள் சென்னையிலிருந்து வருவார்கள். என் அம்மா 'மல்லாட்டை' என்றால் பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். 'வேர்க்கடலை'யாம், திருத்துவார்கள். மணிலாவின் பெயரை ஒட்டிக்கொண்டு வந்த கொட்டை, மணிலாக்கொட்டை. அது ஓடி ஓடி மல்லாட்டை ஆயிற்று. பிலிப்பைன்ஸ் தலைநகரை வாயில் போட்டு மென்று தமிழாக்கிய ஊர் எங்களது. அதைத் திருத்தும் பிள்ளை வீட்டுக்குப் போய் ரொட்டியில் பீனட் பட்டர் தடவிக்கொள்கிறது.

'இஸ்கூல்' என்றாலும் சிரிப்பு. சொல்லின் முதலில் மெய்யெழுத்து தனியாக நிற்காது, லகரமும் வராது என்பது தொல்காப்பியம் வகுத்த விதி. அதனால்தான் லோகம் உலோகம் ஆயிற்று. லட்சத்துக்கு முன்னால் ஓர் 'இ' போட்டு 'இலட்சம்' என்று எழுதுகிற புலவர் இன்றும் உண்டு. அவருக்குப் பொன்னாடை போடுகிறோம். அதே விதிப்படி 'ஸ்' முன்னால் ஓர் 'இ' போட்டு 'இஸ்கூல்' என்கிறாள் எங்கள் பாட்டி. தொல்காப்பியரைப் படிக்காமலே அவர் கட்சியில் சேர்ந்தவள். அவளுக்குப் பொன்னாடை வேண்டாம். சிரிக்காமல் இருந்தால் போதும். அவள் பேரனை, தமிழில் பேசினால் அபராதம் போடுகிற இஸ்கூலில் கடன் வாங்கிச் சேர்த்திருக்கிறோம். தாய்மொழிக்கு அபராதம் கட்டிவிட்டு வருகிற பிள்ளை, வாசலில் 'தமிழ் வாழ்க' கோலத்தைத் தாண்டி உள்ளே வருகிறது.

இப்போது எழுத்து திருத்துகிற அரசாங்கம் தன் எழுத்தை எப்படித் திருத்துகிறது என்று பாருங்கள்.

2020 ஏப்ரல் 1 என்று தேதியிட்டு ஓர் அரசாணை. தேதியை நான் வைக்கவில்லை, அவர்களே வைத்தது. நாடு ஊரடங்கில் கிடக்கிறது. வேலை போன தொழிலாளி தலையில் மூட்டையோடு நெடுஞ்சாலையில் நடக்கிறான். கோட்டையில் அப்போது 1,018 ஊர்களின் பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று முடிவாகியிருந்தது. ஜூன் மாதம் வெளியே வந்தது. நோக்கத்தில் குற்றம் சொல்ல மாட்டேன். எழும்பூரை எக்மோர் என்றும், தூத்துக்குடியை டூட்டிகோரின் என்றும், திருவல்லிக்கேணியை ட்ரிப்ளிகேன் என்றும் வெள்ளைக்காரன் தன் நாக்குக்குத் தகுந்தபடி எழுதிவிட்டுப் போனான். அதைத் தமிழ் ஒலிப்புப்படி மாற்ற வேண்டும். சரி, மாற்றுங்கள்.

எங்கள் வேலூரை எப்படி மாற்றினார்கள் தெரியுமா? வி. இரண்டு இ. எல். இரண்டு ஓ. ஆர். இங்கிலீஷ் தெரிந்த எவரிடமும் காட்டுங்கள். 'வீலூர்' என்று படிப்பார். 1806-இல் சிப்பாய்கள் புரட்சி செய்த கோட்டை இருக்கும் ஊருக்குச் சக்கரம் மாட்டிவிட்டார்கள். வெள்ளைக்காரன் எழுதியதை 'வெல்லூர்' என்றாவது படிக்கலாம். அதில் குறில் நெடில்தான் தகராறு. நம்மவர்கள் திருத்தியதில் ஊரே வேறாகிவிட்டது. கோயம்புத்தூருக்குப் பத்து ஆங்கில எழுத்து இருந்தது. பதினான்காயிற்று. டி, எச், டி, எச் என்று வாசிக்கும்போதே பஸ் போய்விடும்.

ஊர் சிரித்தது. ஜூன் 18 அன்று அரசாணை வாபஸ். தமிழ் வளர்ச்சித் துறை அமைச்சர் க. பாண்டியராஜன், வல்லுநர்களிடம் கருத்துக் கேட்டு இரண்டு மூன்று நாளில் புதிய ஆணை வெளியிடுவோம் என்ற நம்பிக்கையைத் தெரிவித்தார். அடுத்த ஆண்டே ஆட்சி மாறிவிட்டது. வேலூரின் பலகைகளில் இன்றும் வெள்ளைக்காரன் விட்டுச்சென்ற எழுத்துதான்.

இனி கணக்குப் பார்ப்போம். ஆயிரத்துப் பதினெட்டு பெயரில் கை வைத்தார்கள். வாபஸ் வாங்கினார்கள். யாராவது வரிசையில் நின்றார்களா? யாரிடமாவது, "இதில் எது நீ?" என்று கேட்டார்களா? எத்தனை முறை மாற்றலாம் என்று வரம்பு உண்டா? கட்டணம்?

எழிலரசிக்கு உண்டு. ஆதாரில் பெயரைத் திருத்த 50 ரூபாயாக இருந்தது. 2025 அக்டோபரிலிருந்து 75 ரூபாய். வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்தலாம். தப்பாக அடித்தது அவர்கள் ஆள். தப்பாகப் படித்தது அவர்கள் கணினி. காசு மட்டும் அந்த அம்மாவுடையது. நூறு நாள் வேலைக்கு 2025-26-இல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த கூலி நாளுக்கு 336 ரூபாய். திருத்தத்துக்கு அலைகிற ஒவ்வொரு நாளும் அந்தக் கூலி போகும். டவுன் பஸ் மட்டும் மகளிருக்கு இலவசம். அலைவதற்கு வசதி செய்து கொடுத்திருக்கிறார்கள், மறுக்கக் கூடாது.

அந்த ஆதார் அட்டையையே எடுத்துப் பாருங்கள். பழைய அட்டையாக இருந்தால் அடியில் ஒரு முழக்கம் இருக்கும்: 'ஆதார் - சாதாரண மனிதனின் அதிகாரம்.' இந்தி முழக்கத்தில் 'அதிகார்' என்றால் உரிமை. அதிகாரம் அல்ல. சொல்லின் பொருள் தெரியாமல், ஓசையை மட்டும் கேட்டு 'ம்' சேர்த்துக் கோடிக்கணக்கான வீடுகளுக்கு அச்சடித்து அனுப்பினார்கள். உரிமை என்று எழுத வேண்டிய இடத்தில் அதிகாரம் என்று எழுதியவர்களுக்கு 75 ரூபாய் கட்டணம் கிடையாது. அந்த முழக்கத்தை நம்பி அட்டையோடு போன சாதாரண மனிதனுக்கோ, அதிகாரம் மேசைக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று முதல் நாளே தெரிந்துவிடும்.

டெல்லி சும்மா இருக்குமா? 2017-இல் வேலூர், கிருஷ்ணகிரி மாவட்டங்களின் தேசிய நெடுஞ்சாலை மைல்கற்களில் ஆங்கிலத்தை அழித்துவிட்டு இந்தியில் ஊர்ப் பெயர் எழுதினார்கள். தலைவர்கள் கொதித்தார்கள். நியாயமான கொதிப்பு. இதே வேலூரில், சி.எம்.சி. மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் நோயாளிகள் வந்து இறங்குகிறார்கள். காந்தி ரோட்டு லாட்ஜ் பலகையில் வங்காள எழுத்து. ஆட்டோக்காரர் வங்காளம் பேசுகிறார். யாரும் திணிக்கவில்லை. கமிட்டி போடவில்லை. அவர் வேற்றுமை உருபு தப்பாக இருக்கலாம், உச்சரிப்பு தோரப்பாடி வாசனை அடிக்கலாம். நோயாளி சரியான வாசலில் இறங்குகிறார். மொழி எதற்கு என்று கோட்டைக்கும் டெல்லிக்கும் சேர்த்து வகுப்பெடுக்கத் தகுதியுள்ளவர், மீட்டர் போடாமல் ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

எங்கள் ஊரிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் மலை தெரியும். ஜவ்வாது மலை. ஜவாது மலை என்றும் எழுதுவார்கள். சவ்வாது என்றும். ஆங்கிலத்தில் நடுவில் வி-யா, டபிள்யூ-வா. கடைசியில் டி-யா, டி-எச்-சா என்று துறைக்குத் துறை வேறு. மலை மேல் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 2.3 மீட்டர் தொலைநோக்கி. 1988-இல் அங்கிருந்து கண்டுபிடித்த சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பெயர். உலகம் முழுக்க அதை ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள். வானத்தில் எங்கோ சுற்றும் கல்லுக்கு ஒரு பெயர். காலடியில் கிடக்கும் மலைக்குத் துறைக்கு ஒன்று.

அந்த மலையில் வாழும் பழங்குடியினரின் பெயர் மலையாளி. மலைக்காரர் என்று பொருள். கேரளத்துக்கும் இவர்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கீழே கல்லூரியில் சேரும் பிள்ளையிடம், "ஓணத்துக்கு ஊருக்குப் போகலையா?" என்று கேட்கிறார்கள். அதுகூடச் சிரித்துவிட்டுப் போகலாம். சட்டத்தைப் பார்த்தால் சிரிப்பு வராது. பழங்குடிப் பட்டியலில் மலையாளிக்கு எதிரே மாவட்டங்களின் பெயர் இருக்கிறது. அதில் ஒன்று 'வட ஆற்காடு'. அந்த மாவட்டத்தை 1989-இல் பிரித்துவிட்டார்கள். வரைபடத்தில் இல்லாத மாவட்டத்துக்காரர் என்று காட்டித்தான் இருக்கிற மலையிலுள்ள பிள்ளை சான்றிதழ் வாங்க வேண்டும். அதே மலையாளி ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையில் பிறந்தால் பழங்குடி அல்ல. பட்டியலில் ஈரோடு என்ற சொல் இல்லை. ஒரு சொல். அவ்வளவுதான் குறை.

சத்தீஸ்கரில் கதை இன்னும் கேவலம். ஒரே பழங்குடியை பூயின்யா, பூயியான், பூயான் என்று ஆளுக்கொரு விதமாக எழுதிவைத்தார்கள். பாண்டோ என்ற இன்னொரு பழங்குடிக்கு நாகரி எழுத்தில் மூன்று விதம். பட்டியலில் இருந்த எழுத்துக்கூட்டல் சான்றிதழில் இல்லையென்றால் ஆள் பழங்குடி இல்லை. இந்தப் பிழையைத் திருத்த நாடாளுமன்றம் கூடி அரசமைப்பு ஆணையையே திருத்த வேண்டியிருந்தது. 2023 ஜூலையில்தான் மாநிலங்களவையில் நிறைவேறியது. எழுதுகிறவனுக்கு அது ஒரு கொம்பு, ஒரு கால், ஒரு புள்ளி. அதற்குள் படிப்பும் வேலையும் போன தலைமுறைக்கு என்ன பதில்? பிழைத்திருத்தம் வெளியிட்டோம் என்பார்கள்.

இலக்கணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எனக்கு வேண்டும். சுவரைச் சுவர் என்று எழுதுங்கள். மூன்று சுழியைப் போடுங்கள். ஆனால் முதலில் மதிலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் போடட்டும். தமிழ்நாட்டில் தமிழ் ஆட்சிமொழி என்று சட்டம் வந்தது 1956-இல். எழிலரசி பிறப்பதற்கு முன்னால். அவர் பிறந்து, வளர்ந்து, உழைத்து, கிழவியாகி, உதவித்தொகைக்கு மனுப்போட வந்து நிற்கிறார். ஆட்சிக்கு இன்னும் அவர் பெயரை எழுத வரவில்லை.

போன மாதம் அந்த அம்மாவைப் பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். கையில் பிளாஸ்டிக் உறை போட்ட புது அட்டை. திருத்தம் ஆகிவிட்டதாம். வாங்கிப் பார்த்தேன். 'ஜி' போயிருந்தது. 'லி' வந்திருந்தது. எலிலரசி.

இன்னும் ஒரு முறை பாக்கி இருக்கிறது.